ஆட்டோமேட்டிக் பிக்கப்: கியர் ‘பி’யை விட்டு அசையவில்லை, தெரிந்தவர்கள் உதவுங்கள்

பாத்தினா பம்புக்காரன் (சுவைக், ஓமன்):

எல்லோருக்கும் வணக்கம். ஓமனில் பாத்தினா கடற்கரைப் பக்கம் தோட்டங்களுக்குத் தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர் வேலை பார்க்கிறேன். கம்பெனி கொடுத்த வண்டி ஜப்பான் டபுள் கேபின் பிக்கப், 2014 மாடல், பெட்ரோல், ஆட்டோமேட்டிக். கியர் லீவர் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. பட்டன் ஸ்டார்ட் கிடையாது, சாவிதான்.

இன்று காலை டிரெய்லரில் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு ஒரு தோட்டத்துக்கு வந்தேன். வேலை முடிந்து கிளம்பலாம் என்று பார்த்தால், இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஏசி ஓடுகிறது, மீட்டரில் ஒரு வார்னிங் லைட்டும் இல்லை. ஆனால் பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரில் இருக்கும் பட்டனை அழுத்தினால், அது பாதிக்கு மேல் உள்ளே போக மறுக்கிறது. லீவர் ‘பி’யை (பார்க்கிங்) விட்டு இம்மியும் நகரவில்லை. சாவியை எடுத்துத் திரும்பப் போட்டேன், இன்ஜினை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆறவிட்டேன். மாற்றமே இல்லை.

தெரிந்த கராஜுக்குப் போன் போட்டேன். வண்டியைப் பார்க்காமலேயே, “கியர்பாக்ஸ் போயிருக்கும், ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பு, இறக்கிப் பார்க்கலாம்” என்கிறார்கள். வரும் வழி முழுக்க கியர் சரியாகத்தான் மாறியது. சத்தமில்லை, இழுவையும் குறையவில்லை. ஓடும்போது நன்றாக இருந்த கியர்பாக்ஸ், நிறுத்திவைத்த இடத்தில் எப்படிப் போகும்? முதலாளியிடம் சொல்வதற்கு முன்னால் விஷயம் தெரிந்தவர் யாரையாவது கேட்டுவிடலாம் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

லீவரைப் பலமாக இழுக்கப் பயமாக இருக்கிறது. நாளை காலை இந்த ஜெனரேட்டர் கபூரா பக்கம் இன்னொரு தோட்டத்தில் இருந்தாக வேண்டும். அங்கே ஆடுகளுக்கும் ஒட்டகங்களுக்கும் கிணற்றுத் தண்ணீர் ஏறுவது இதை நம்பித்தான். கையில் மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் செட், டேப் எல்லாம் இருக்கின்றன. பம்பு வயரிங் நன்றாகவே தெரியும். வண்டி வயரிங்தான் பழக்கமில்லை.

ரூவி டிரைவர் (மஸ்கட்):

சகோ, லீவரைப் பலமாக இழுக்க வேண்டாம், உடைந்துவிடும். எனக்கும் ஒருமுறை இப்படி ஆனது, ஃபியூஸ்தான் போயிருந்தது. ஒரு 20 ஆம்பியர் ஃபியூஸை வாங்கிப் போட்டேன். இன்றுவரை பிரச்சினை இல்லை.

ஷார்ஜா எலக்ட்ரீஷியன்:

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கியர்பாக்ஸைக் கழற்ற யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலையிலேயே எனக்கு வயதாகிவிட்டது. நீங்கள் சொல்லும் அறிகுறிகளோடு ரெக்கவரியில் வந்து இறங்கிய வண்டிகளில் பெரும்பாலானவை எலக்ட்ரிகல் வேலையாகத்தான் இருந்தன. ஒரு ஃபியூஸோ பிரேக் சுவிட்சோ மாற்றினால் தீரும் விஷயத்துக்குப் பெரிய பில் கட்டிவிட்டுப் போனவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது.

உங்கள் சந்தேகம் சரியானது. லீவரின் பட்டனைத் தடுப்பது கியர்பாக்ஸ் இல்லை. லீவருக்குக் கீழே, கன்சோலுக்குள் ஒரு சின்ன சோலனாய்டு, அதாவது கரண்ட் வந்தால் இழுக்கும் மின்காந்தம், இருக்கிறது. அதுதான் பூட்டு. நீங்கள் பிரேக்கை மிதித்தால் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்ச் மூடுகிறது. அந்த சுவிட்சிலிருந்து வரும் கரண்ட் ஒரு பக்கம் பின்னால் பிரேக் லைட்டுக்குப் போகிறது, இன்னொரு பக்கம் ‘இவர் பிரேக்கில் கால் வைத்திருக்கிறார்’ என்று லீவர் பூட்டுக்குத் தகவல் கொடுக்கிறது. அந்தத் தகவல் வந்தால்தான் சோலனாய்டு இழுத்துப் பூட்டைத் திறக்கும். பிரேக் லைட்டும் லீவர் பூட்டும் ஒரே ஃபியூஸை, ஒரே சுவிட்சை நம்பி இருக்கின்றன. அதனால்தான் இந்தப் புகாரோடு யார் வந்தாலும் நான் முதலில் வண்டிக்குப் பின்னால் போய் நிற்பேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஹேண்ட் பிரேக்கை நன்றாக ஏற்றுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள். தோட்டத்து ஆள் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு பிரேக்கை மிதியுங்கள். யாரும் இல்லையென்றால் போனில் வீடியோவைப் போட்டுப் பின்னால் சாத்தி வைத்துவிட்டு வந்து மிதிக்கலாம். இரண்டு விஷயம் எனக்குத் தெரிய வேண்டும். பிரேக் லைட் எரிகிறதா? மிதிக்கும் நொடியில் லீவருக்குக் கீழே ‘டிக்’ என்று மெல்லிய சத்தம் கேட்கிறதா? ஏசி ஃபேனை அணைத்துவிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் காதில் விழாது.

லைட் எரிந்து, டிக் சத்தமும் வந்து, லீவர் மட்டும் நகரவில்லை என்றால் அது மெக்கானிகல் சமாச்சாரம்: லீவரடியில் சில்லறைக் காசு விழுந்திருக்கும், சர்க்கரை போட்ட டீ கொட்டிக் கெட்டியாகியிருக்கும், அல்லது சரிவில் வண்டியின் பாரம் பார்க்கிங் பூட்டின்மேல் ஏறியிருக்கும். லைட் எரிந்து, டிக் மட்டும் இல்லையென்றால் சோலனாய்டு அல்லது அதற்குப் போகும் வயர். இரண்டுமே இல்லையென்றால் ஃபியூஸ் அல்லது பிரேக் சுவிட்ச்.

பாத்தினா பம்புக்காரன்:

அண்ணே, ரொம்ப நன்றி. பார்த்துவிட்டேன். பிரேக் லைட் மூன்றுமே எரியவில்லை, மேலே கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பதும் சேர்த்து. டிரெய்லரிலும் இல்லை. ஆனால் பார்க் லைட் போட்டால் பின்னால் சிவப்பு விளக்குகள் எரிகின்றன, இண்டிகேட்டரும் வேலை செய்கிறது. டிக் சத்தம் கிடையாது.

ஷார்ஜா எலக்ட்ரீஷியன்:

அப்படியென்றால் வழி சுருங்கிவிட்டது. மூன்று பல்பும் ஒரே நாளில் போகாது. ஃபியூஸ் அல்லது சுவிட்ச், இந்த இரண்டுக்குள்தான். டிரெய்லர் மாட்டியிருப்பதால் நான் ஃபியூஸைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

டேஷ்போர்டுக்குக் கீழே ஃபியூஸ் பெட்டி இருக்கும். மூடியின் உள்பக்கத்திலோ வண்டிப் புத்தகத்திலோ படம் இருக்கும். அதில் ‘ஸ்டாப்’ என்று எழுதியதைத் தேடுங்கள். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். ஃபியூஸ் போயிருந்தால் உடனே புதியதைப் போட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் டிரெய்லர் பிளக்கை சாக்கெட்டிலிருந்து உருவி விடுங்கள். டிரெய்லரில் ஏதாவது வயர் இரும்பைத் தொட்டு ஷார்ட் ஆகியிருந்தால் புதியதும் உடனே போய்விடும்.

மாற்று ஃபியூஸ் கையில் இல்லையென்றால், அவசரமில்லாத வேறு சர்க்யூட்டிலிருந்து அதே ஆம்பியர் ஃபியூஸைக் கழற்றிப் போடலாம். நிறத்தை வைத்தே தெரியும்: 7.5 ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். மூடியில் என்ன எண் போட்டிருக்கிறதோ அதேதான் போட வேண்டும்.

ரூவி நண்பர் தப்பாக நினைக்கக் கூடாது, 20 ஆம்பியர் யோசனையை நான் கடுமையாக மறுக்கிறேன். ஒரு பிரேக் லைட் பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர். வண்டியில் இரண்டு, டிரெய்லரில் இரண்டு, ஆக 7 ஆம்பியர். மேலே இருக்கும் மூன்றாவது விளக்கைச் சேர்த்தாலும் 9-ஐத் தாண்டாது. எல்லாம் ஒழுங்காக இருந்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ் இதைத் தாங்கும். தாங்காமல் போகிறது என்றால் எங்கோ ஒரு வயர் இரும்பைத் தொடுகிறது என்று அர்த்தம். அங்கே 20 போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் சூடாகும். அந்த வயர் உங்கள் கால் பக்கத்துக் கார்ப்பெட்டுக்கு அடியில், மற்ற வயர்களோடு ஒரே கட்டில் ஓடுகிறது. உருகிப்போன வயர் கட்டுகளைக் கையில் பிடித்துப் பிரித்தவன் நான். இன்றைக்கே அந்த மஞ்சளைக் கழற்றிவிட்டு சரியான எண்ணைப் போடுங்கள், சகோதரா. உங்கள் குடும்பம் ஊரில் காத்துக்கொண்டிருக்கிறது.

ரூவி டிரைவர் (மஸ்கட்):

இவ்வளவு விளக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மூடியைப் பார்த்தேன், என் வண்டிக்கும் 10தான் போட்டிருக்கிறது. மாலையே மாற்றிவிடுகிறேன்.

நிஸ்வா மலைப்பாதை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அண்ணன் சொன்ன சரிவு விஷயத்தில் ஒரு வார்த்தை. ஜபல் அக்தர் பக்கம் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன், அங்கே இது அடிக்கடி நடக்கும். ‘பி’யில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் ஒரு இரும்பு நாக்கு பல்சக்கரத்தின் இடுக்கில் விழுந்து பிடிக்கிறது. சரிவில் நிறுத்தி ‘பி’ போட்டதும் காலை எடுத்துவிட்டால் மொத்த வண்டியும் அந்தச் சின்ன நாக்கில் தொங்கும். பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லர் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். பூட்டு திறந்தாலும் லீவர் இறுகிக்கொள்ளும், வெளியே வரும்போது ‘டமார்’ என்று அடிக்கும்.

நிறுத்தும்போது காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு ‘என்’ (நியூட்ரல்) போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை ஏற்றுங்கள். பிரேக்கை மெல்ல விட்டு, பாரம் ஹேண்ட் பிரேக்கில் உட்காரட்டும். அப்புறம் திரும்ப மிதித்து ‘பி’ போடுங்கள். ஏற்கெனவே இறுகிவிட்டால், இரண்டு பேர் மேட்டுப் பக்கமாக வண்டியை லேசாகத் தள்ளும்போது லீவரை எடுத்தால் வந்துவிடும். தள்ளுகிறவர்கள் வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் நிற்கவே கூடாது.

டல்லாஸ் தமிழன்:

இங்கே டெக்சாஸில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் அதிகம், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். என்னுடையதில் லீவர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலும் இதே பூட்டுதான், இதே ஃபியூஸ் கதைதான். படகு டிரெய்லரை ஏரியில் இறக்கி, தண்ணீர் சொட்டச் சொட்ட மாட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இந்தப் பூட்டு எதற்கு, வெட்டி எறிந்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1980களில் அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் கார்கள் ‘பி’யிலிருந்து எடுத்ததும் தானாகப் பாய்கின்றன என்று பெரிய சர்ச்சை எழுந்தது. நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்ந்து 1989-இல் வெளியிட்ட அறிக்கையில், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் முக்கியக் காரணம் என்று சொன்னது. பிரேக்கை மிதித்தால்தான் லீவர் நகரும் என்ற ஏற்பாடு அந்தக் காலத்தில்தான் பரவலானது. பிறகு 2008-இல் சிறுவர்களின் வாகனப் பாதுகாப்புக்காக ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2010 செப்டம்பர் 1 முதல் அமெரிக்காவுக்காகத் தயாராகும், சுமையோடு சேர்த்து மொத்த எடை 4,536 கிலோ வரையிலான ஆட்டோமேட்டிக் வண்டிகள் எல்லாவற்றிலும் இது கட்டாயம். வண்டிக்குள் விளையாடும் குழந்தை லீவரைத் தட்டிவிட்டால் வண்டி உருளக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தப் பூட்டு மக்கர் பண்ணினால் ரிப்பேர் செய்வேனே தவிர, எடுத்துவிட மாட்டேன்.

பாத்தினா பம்புக்காரன்:

ஸ்டாப் ஃபியூஸ் 10 ஆம்பியர், நடுவில் கருகிப் போயிருக்கிறது! டிரெய்லர் பிளக்கை உருவிவிட்டு, ரேடியோ பக்கத்திலிருந்து இன்னொரு சிவப்பு ஃபியூஸை எடுத்துப் போட்டேன். பிரேக்கை மிதித்ததும் டிக் சத்தம், லைட் மூன்றும் எரிகின்றன, லீவர் சுலபமாக ‘டி’க்கு வருகிறது. தோட்டத்துக்காரரும் கை தட்டினார்.

டிரெய்லர் பிளக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறது. இங்கே கடல் காற்று அப்படி. இனி டிரெய்லரை எப்படிச் சோதிப்பது? மீட்டரை பீப் சத்தத்தில் வைத்துப் பிரேக் லைட் பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவில் தொட்டேன், பீப் அடிக்கிறது. ஷார்ட் என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஷார்ஜா எலக்ட்ரீஷியன்:

மனம் நிறைந்தது தம்பி. ஆனால் அந்த பீப்பை நம்பாதீர்கள். பம்பு மோட்டார் பார்க்கிறவருக்கு இது பிடிபடும்: பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் ஒரு ஓம்கூட இருக்காது. இரண்டு பல்பு பேரலலில் இருந்தால் இன்னும் குறைவு. வயர் நன்றாக இருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். டிரெய்லரின் இரண்டு பிரேக் பல்புகளையும் கழற்றிவிட்டு அதே இடத்தில் தொடுங்கள். அப்போதும் பீப் அடித்தால் அது ஷார்ட்தான்.

வட்டமான ஏழு பின் ஐரோப்பிய சாக்கெட் என்றால் பிரேக் லைட் ஆறாவது பின், சிவப்பு வயர். எர்த் மூன்றாவது பின், வெள்ளை. இது தர அளவுப்படி. ஆனால் வளைகுடாவில் டிரெய்லர் வயரிங் செய்கிறவர்கள் கையில் கிடைத்த வயரைப் போட்டிருப்பார்கள், அதனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பீப் அடித்துக்கொண்டே இருக்கும் நிலையில் கேபிளை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் சத்தம் விட்டு விட்டு வருகிறதோ அங்கே உரித்துப் பாருங்கள். கொக்கிக்குப் பின்னால் கேபிள் வளையும் இடம், சேஸிஸ் ஓட்டைக்குள் நுழையும் இடம், விளக்கு ஹோல்டர், இவை மூன்றும் வழக்கமான குற்றவாளிகள்.

பாத்தினா பம்புக்காரன்:

கிடைத்துவிட்டது! பல்புகளைக் கழற்றிய பிறகும் பீப். சேஸிஸ் ஓட்டையில் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்துபோய், கேபிள் தகட்டின் விளிம்பில் உரசி உரசிச் சிவப்பு வயரின் செம்பு வெளியே தெரிகிறது. உள்ளே வரும் மணல்பாதை முழுக்கக் குலுக்கல், அதில்தான் தொட்டிருக்க வேண்டும். வெட்டி, சாலிடர் வைத்து, ஸ்லீவ் போட்டு, ஓட்டையில் பழைய ஹோஸ் துண்டைச் செருகிக் கேபிளை அதற்குள் விட்டேன். பிளக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். இப்போது டிரெய்லரிலும் பிரேக் லைட் எரிகிறது, ஃபியூஸ் போகவில்லை. ஜெனரேட்டரோடு கிளம்பப் போகிறேன்.

இரண்டு கேள்விகள் மட்டும் அண்ணே. ஃபியூஸே கிடைக்காத இடத்தில் மாட்டிக்கொண்டால் லீவரை எடுக்க வழி உண்டா? இனிமேல் டிரெய்லரில் ஷார்ட் வந்தாலும் பிக்கப் நின்றுபோகாமல் இருக்க ஏதாவது செய்யலாமா?

ஷார்ஜா எலக்ட்ரீஷியன்:

அருமையான வேலை. சாலிடர் வைத்த இடம் ஆடாமல் இருக்கப் பக்கத்திலேயே ஒரு கிளிப் போட்டுவிடுங்கள். ஆட்டம் இருந்தால் சாலிடர் முடிகிற இடத்தில்தான் வயர் ஒடியும்.

முதல் கேள்விக்கு: வழி உண்டு. லீவருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஹேண்ட் பிரேக் போட்டு, காலைப் பிரேக்கில் வைத்து, மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, உள்ளே அழுத்திக்கொண்டே லீவரை ‘என்’னுக்கு இழுக்கலாம். இன்ஜின் ‘என்’னிலும் ஸ்டார்ட் ஆகும். சில வண்டிகளில் மூடியில்லாமல் நேராகவே பட்டன் வைத்திருப்பார்கள். ஆனால் இது கராஜ் வரை போவதற்கு மட்டும். பிரேக் லைட் இல்லாத வண்டி அது. பாத்தினா நெடுஞ்சாலையில் பின்னால் 120-இல் வருகிறவனுக்கு நீங்கள் நிற்பது தெரியாது. ஹசார்டு லைட்டைப் போட்டு, ஓரமாக, பகலில் மட்டும்.

இரண்டாவது: ஒரு ரிலே போடுங்கள், சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. நாலு கால் கொண்ட சாதாரண 12 வோல்ட் ரிலே போதும். வண்டியிலிருந்து டிரெய்லர் சாக்கெட்டுக்குப் போகும் பிரேக் வயரை வெட்டி, வண்டிப் பக்கத்து முனையை ரிலேயின் 86 என்ற எண்ணுள்ள காலில் கொடுங்கள். 85 எர்த். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு 10 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டர், அங்கிருந்து 30-க்கு. 87-இலிருந்து சாக்கெட்டின் ஆறாவது பின்னுக்கு. ரிலே காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது. அதனால் வண்டியின் ஸ்டாப் ஃபியூஸுக்கு டிரெய்லர் பாரமே தெரியாது. டிரெய்லரில் ஷார்ட் வந்தால் பேட்டரி பக்கத்து ஃபியூஸ் மட்டும் போகும், உங்கள் பிக்கப்பின் பிரேக் லைட்டும் லீவரும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

பிளக்கின் பின்களில் எலக்ட்ரிகல் கிரீஸ் தடவுங்கள், டிரெய்லர் மாட்டாத நாட்களில் சாக்கெட் மூடியைத் திறந்து விடாதீர்கள். ரேடியோ பக்கத்திலிருந்து எடுத்த ஃபியூஸுக்குப் பதில் ஒன்று வாங்கி அங்கே போட மறக்க வேண்டாம். கூடவே சிவப்பு ஃபியூஸ் நாலைந்து வாங்கி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். கபூரா போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுதுங்கள்.